மழைக்கு ஒதுங்கும் விருந்தாளிகள்

நம் நாட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைத் தோட்டம் என்று சொல்ல முடிவதில்லை. தோட்டம் என்றால் பால்மரம், செம்பனை, லயம், பிரட்டு. பத்துக்கு இருபது அடியில் நாலு வாழையும் ஒரு முருங்கையும் வைத்திருப்பவன், "என் தோட்டத்தில்" என்று பேச ஆரம்பித்தால் பழைய ஆட்கள் சிரித்துவிடுவார்கள். அதனால் வழக்கம்போல் இந்த வாரமும் கொல்லை என்றே எழுதுகிறேன்.

குளிர்காலக் கொல்லை வேலைகளைப் பற்றி எழுதுங்கள் என்றார் ஒரு நண்பர். ஜொகூரில் ஏது குளிர்காலம் என்று அவரே அடுத்த வாக்கியத்தில் கேட்டும்விட்டார். உண்டு. அதுவும் இரண்டு தவணையில் வரும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கி மார்ச் வரை இழுக்கும். அதன் பின்பாதியில் பால்மரங்கள் இலையைச் சிவக்க விட்டு, பிறகு மொத்தமாகக் கொட்டும். வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு 'விண்டரிங்' என்று பெயர் வைத்தார்கள். பனி பார்க்காத ஊரில் அவர்களுக்கு ஊர் நினைப்பு வந்திருக்க வேண்டும்.

லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதமாகப் புரிந்தது. காலையில் மழை என்றால் மரம் ஈரம், வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. மழை விட்டதே என்று மூச்சுவிடும் நேரத்தில் மரம் இலை கொட்டும், பால் குறையும். லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அம்மா அந்த மாதங்களை ஓட்டியது லயத்துப் பின்னால் இருந்த மரவள்ளியையும் முருங்கைக் கீரையையும் வைத்துத்தான். அவருக்குக் கொல்லை பொழுதுபோக்கு இல்லை. கடையில் கணக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வழி அது. ஆகவே குளுவாங்கில் இப்போதிருக்கும் தாமான் வீட்டில், மழைக்காலம் வந்தால் என் கை தானாகப் பாராங் கத்தியைத் தேடுகிறது.

முதல் வேலை முருங்கை. அதை மட்டும் நவம்பர் பிறக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பார்க்கத்தான் மரம், கிளை ஒவ்வொன்றும் அப்பளம். இரவு ஒரு காற்று அடித்தால் பக்கத்து வீட்டுக் கார் மேல் படுத்துக்கொள்ளும். நெஞ்சு உயரத்துக்கு வெட்டிவிட்டால் மழையில் புதுத் தளிர் மளமளவென்று வரும். வெட்டிய கிளையில் கைத்தடிப் பருமன் உள்ளதை மூன்றடி, நாலடித் துண்டுகளாக்கிப் போத்து நடலாம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் நீர் தேங்கும் இடத்தில் நட்டால் அடியிலிருந்து அழுகும். மேட்டில் நடுங்கள்.

வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், மிளகாயைப் பந்தலுக்குள் கொண்டுபோவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மிளகாய் பற்றி ஒரே வார்த்தை: நாள் முழுக்க மழையில் நிற்கும் செடி காய்த்தாலும் காயில் கரும்புள்ளி விழுந்து அழுகும். மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போதும். உரம் இந்த மாதங்களில் போடாதீர்கள். போட்டால் செடி சாப்பிடாது, கால்வாய்தான் சாப்பிடும்.

கால்வாய் என்றதும் நிற்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பாதி உயிரினங்களும் இருக்கின்றன.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் போய்ச் சேருவது மெங்கிபோல் ஆற்றுப் பக்கம். அடைத்துக்கொண்டால் அரை மணி மழையில் சமையலறைப் படி வரை தண்ணீர். அதனால் சனிக்கிழமை காலையில் நானும் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளும் வாழைச் சருகு, பிளாஸ்டிக் பை, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு எல்லாம் வாரி எடுப்போம். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கையுறையும் வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்னக் காயம் வழியே உள்ளே போய்விடும். மலாய்க்காரர்கள் அந்த நோயை 'கெஞ்சிங் திக்குஸ்' என்றே சொல்கிறார்கள். எலியின் சிறுநீர் என்று பச்சையாகப் பெயர் வைத்ததில் ஒரு நன்மை, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கால்வாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஆறடிக்குக் குறையாது, பியாவாக். நாம் உடும்பு என்போம். தமிழ்நாட்டில் கரட்டில் திரியும் உடும்புக்கு இது பெரியப்பா முறை, தண்ணீரில் வாழ்வது. மழை பெருத்தால் நீரோட்டத்துக்கு எதிராக ஏறி வந்து எங்கள் மதிலோரம் வெயில் காயும். ஒரு காலத்தில் தோட்டத்து நாய்கள் இதைத் துரத்தி, சாயங்காலம் லயத்தில் குழம்பு வாசனை வரும். இப்போது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதுவும் அடக்கம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதை விட்டுவைப்பேன். எலி, நத்தை, செத்த கோழி, எதையும் மிச்சம் வைக்காது. நம்மைப் பார்த்தால் அதுதான் முதலில் ஓடும். கோழி வளர்க்கும் மாக்சிக்குக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு, மூன்று குஞ்சுகளை இழந்திருக்கிறார்.

நத்தையைப் பற்றி யாருக்கும் இரு கருத்து இருக்க முடியாது. கைமுட்டி அளவு ஆப்பிரிக்க நத்தை, மழை இரவில் கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிடும். மண்ணுக்குள் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். மஞ்சள் கலந்த வெள்ளை மணிகள் போலிருக்கும். மண்ணைக் கிளறும்போது கண்டால் நசுக்கிவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் லைட்டுடன் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வளரும் ஒரு புழுவை இவை சுமக்கின்றன. மனிதனுக்குள் போனால் அது மூளையைத் தாக்கக்கூடியது. நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே சாப்பிட வேண்டும். பிள்ளைகள் பொம்மை போல எடுத்து விளையாடுவதைப் பார்த்தால் உடனே கை கழுவச் சொல்லுங்கள்.

பெருமழை விட்ட இரவுகளில் எங்கள் கொல்லையில் மாடு கத்தும். மாடு கிடையாது, தவளை. பழுப்பு உடம்பில் இரு பக்கமும் வெளிர் பட்டை போட்ட குண்டுத் தவளை. வறண்ட நாளெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் வெளியே வந்து பெண் தேடும். முதல் முறை கேட்ட என் மருமகள், "மாமா, பின்னாலே யாரோ அழறாங்க" என்று என்னை எழுப்பினாள். அவள் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள்.

மேலே கூரையில் ஓடுவது வேறு. இரவு பத்து மணிக்கு மேல் பாண்டான் இலை வாசனை வந்தால், யாரும் பாயசம் காய்ச்சவில்லை, மரநாய் வந்திருக்கிறது என்று அர்த்தம். மூசாங்கின் உடம்பு வாசனை அது. ஆண்டுக் கடைசியில் சிறு பருவத்து ரம்புத்தான் பழுத்தால் அதற்கும் பங்கு, வௌவாலுக்கும் பங்கு. குளுவாங் என்ற பேரே பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது, மலாயில் 'கெலுவாங்'. ஊர் அவர்களுடையது. நான் பப்பாளிக்குப் பை கட்டுவேன், ரம்புத்தானுக்குக் கட்டமாட்டேன். உச்சியில் உள்ளது எப்படியும் எனக்கு எட்டாது.

இதெல்லாம் உள்ளூர்வாசிகள். மழையோடு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தனி.

செப்டம்பர், அக்டோபரில் ஒரு பழுப்புக் கீச்சான் வந்து எங்கள் துணிக் கம்பியின் மேற்குக் கோடியில் உட்காரும். கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. திருடன் முகமூடி போட்டதுபோல. வடக்கே சீனா, சைபீரியா பக்கம் பனி தொடங்குவதற்குள் கிளம்பி வரும் இனம் இது. வெட்டுக்கிளியை ஒரே குத்தில் எடுத்துவரும். தன் எல்லைக்குள் வேறு கீச்சானை விடாது. ஆண்டுதோறும் வருவது ஒரே பறவைதானா என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உட்காரும் இடம் மாறவில்லை. அதுபோல அந்தி நேரத்தில் பட்டணத்து மின்கம்பிகளில் வரிசை வரிசையாக உட்காரும் தகைவிலான்கள். மலாயில் அவற்றுக்குப் பெயர் 'லாயாங்-லாயாங்'. நான் பிறந்த ஊரின் பெயரும் அதேதான், சின்ன வயதில் அது பட்டம் என்று மட்டும் நினைத்திருந்தோம்.

போன நவம்பரில் ஒரு காலை ஹாலில் சன்னலில் 'டப்' என்று சத்தம். வெளியே போய்ப் பார்த்தால், தரையில் ஒரு பறவை. பச்சை முதுகு, பளீரென்ற நீலச் சிறகு, மஞ்சள் கலந்த மார்பு, வால் இருக்குமிடத்தில் சிவப்பு. யாரோ பிள்ளை வண்ணப்பெட்டியைக் கொட்டியதுபோல. நீலச்சிறகுப் பிட்டா. தமிழ்நாட்டில் காலையும் மாலையும் கத்தி ஆறுமணிக்குருவி என்று பெயரெடுத்ததே, அதன் இனத்தான். இவை இரவில் பறந்து தெற்கே வருகின்றன. வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் குழம்பி மோதிக்கொள்வது இந்த மாதங்களில் நடக்கிற ஒன்றுதான்.

பேத்தி தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். மோதி மயங்கிய பறவையின் வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காலணிப் பெட்டியில் நாலு துளை போட்டு, பழைய துண்டு விரித்து, பறவையை வைத்து மூடி, அலமாரியின் மேல் இருட்டில் வைத்தோம். யாரும் திறந்து பார்க்கக் கூடாது. அதுதான் கஷ்டமான பகுதி. ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே நகங்கள் கீறும் சத்தம். வாழை மறைவுக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். இரண்டு விநாடி எங்களைப் பார்த்தது. பிறகு தாழப் பறந்து மாக்சிக்கின் வேலிக்குள் போய் மறைந்தது. அன்று சாயங்காலமே அந்தச் சன்னலுக்கு வெளியே ஒரு வலைத்திரை போட்டேன். எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. செத்துக் கிடப்பவையும் உண்டு.

இனி டிசம்பர் விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை மைனாக்கள் சமையலறைப் பக்கம் கூடி ஓயாமல் கத்தின. மைனாவும் கொண்டைக்குருவியும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால், அங்கே பூனை அல்லது பாம்பு. பேத்திக்கு நாலு வயது. பந்தை எடுக்கப் பின்கதவைத் திறந்துவிட்டாள். பழைய பூச்சட்டிகளும் பலகைகளும் அடுக்கியிருந்த மூலையில் கறுப்பாக ஒன்று நிமிர்ந்து படம் விரித்தது. என் மனைவி பிள்ளையை ஒரு கையால் தூக்கிய வேகத்தை நான் முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் பார்த்ததில்லை.

நம் பக்கத்து நாகம் துப்பும் இனம். கறுப்பு உடம்பு, மலாயில் 'தெடோங் செண்டுக்', கரண்டி போன்ற படம் என்பதால். கடிப்பதற்கு முன் கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீய்ச்சும். ஆறடி தூரம் அதற்குச் சாதாரணம். கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. குழாயைத் திறந்து, இமையை விரித்து, கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேரே மருத்துவமனை. பால் ஊற்றுவது, எலுமிச்சை பிழிவது எல்லாம் கண்ணைக் கெடுக்கும் வேலை.

சீன அங்கிள் மூங்கில் கம்போடு வந்துவிட்டார். அவரைத் தடுப்பதுதான் பெரும்பாடு. "அங்கிள், அது போகட்டும், நாம் உள்ளே போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கதவைச் சாத்தி 999க்கு அழைத்தோம். பொதுத் தற்காப்புப் படையினர் இருவர் வந்தார்கள். முகக் கண்ணாடி, நீண்ட இடுக்கி. அதுவரை சன்னல் வழியே ஒரு ஆள் பார்வையை எடுக்காமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் பாம்பு எங்கே போனது என்று வீடே தூங்காது. வந்தவர்களில் ஒருவர் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார், நாலடி இருக்கும். பையில் போட்டுக் கட்டியபடி அவர் சொன்னார், பாம்பிடம் அடிபட்டுத் தான் பார்த்தவர்களில் பலர் அதை அடிக்கப் போனவர்களே என்று.

அன்று இரவு மகன் சொன்னான்: "அப்பா, பேசாம சிமெண்டு போட்டுடலாம். பிள்ளை இருக்கிற வீடு."

எதிர்த்துப் பேச எளிதான வாக்கியம் இல்லை அது. மறுநாளே ஒரு கொத்தனாரும் வந்து அளந்துவிட்டுப் போனார். ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளி. எங்கள் வரிசையில் பதினாறு வீடு. பதினொன்றில் ஏற்கெனவே சிமெண்டோ ஓடோதான். துடைத்தால் சுத்தம், புல் வெட்ட வேண்டாம், காரும் நிறுத்தலாம்.

நான் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். பாம்பு இருந்தது மண்ணில் இல்லை. நாம் அடுக்கிய பலகைக்கு அடியில். அது வந்தது தேரைக்கும் எலிக்கும். எலி வந்தது பக்கத்துச் சந்தில் யாரோ கொட்டும் சோற்றுக்கு. சிமெண்டு போட்ட வீட்டிலும் பலகை அடுக்கினால் பாம்பு படுக்கும், வீட்டுக்குள் இருக்கும் காலணிக்குள்ளும் படுக்கும். செராய் நட்டால் வராது, கந்தகத் தூள் தூவினால் வராது என்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அடர்ந்த செராய்ப் புதர் பாம்புக்கு நல்ல நிழல். இன்னொன்றும் சொன்னேன். 2006 டிசம்பரில் ஒரு முறை, 2007 ஜனவரியில் மறுமுறை என்று கோத்தா திங்கி பட்டணம் ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை மூழ்கியது. என் மைத்துனி வீட்டில் செம்பருத்திக் கிளையில் மீன் காய்ந்து தொங்கியதை அவனும் சிறு பிள்ளையாகப் பார்த்திருக்கிறான். பெருவெள்ளத்தை ஒரு கொல்லை தடுக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் பதினாறு வீடும் சிமெண்டு போட்டால் மழைத் தண்ணீர் முழுக்க அதே கால்வாய்க்குத்தான் வரும், கடைசி வீட்டு மாக்சிக்கின் வாசலில்தான் நிற்கும்.

மகன் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை. மருமகள்தான் நடுவில் புகுந்தாள். "மாமா, கதவிலிருந்து அஞ்சடி மட்டும் போடுங்க. அங்கே ஒரு சாமானும் அடுக்கக் கூடாது." அது நியாயம். படிக்கும் செடிக்கும் நடுவே வெட்டவெளி இருந்தால் பாம்பு கண்ணில் படும்.

அந்த வாரமே பலகைகளை எடுத்து, வேண்டாததை எரிபொருளுக்குக் கேட்டவருக்குக் கொடுத்து, மீதியைச் செங்கல் மேல் ஓரடி உயரத்தில் வைத்தேன். சமையலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்குச் சல்லடைக் கம்பி கட்டினேன். செராய்ப் புதரைப் பின்மதிலுக்கு மாற்றினேன். சட்டிகளைக் கவிழ்க்கும்போதே கொசு வேலையும் முடிந்தது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் ஏற்றிய அகல்கள் மதில் மேல் அப்படியே இருந்தால் ஒவ்வொன்றும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். பக்கவாட்டில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எங்கள் தாமானில் போன ஆண்டு டிங்கியில் ஒரு பையன் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தான். நாகத்தைக் கண்டு ஊரே ஓடுகிறது. கொசுவைக் கண்டு யாரும் ஓடக் காணோம்.

பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வாங்கவில்லை. மே மாதம் ஊன்றியது இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. கிழங்கோடு இரண்டு பிடுங்கிப் பானையில் கட்டினோம். மீதியை மழை குறைந்ததும் எடுத்துவிட வேண்டும், ஈர மண்ணில் விட்டால் அழுகிப்போகும். ஐந்தடி சிமெண்டுக்குக் கொத்தனார் மார்ச்சில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை காயாதாம். முருங்கைப் போத்து பதினொன்று வெட்டி மதிலோரம் நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன். குளுவாங் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் பத்திரிகை வழியாகச் சொல்லியனுப்புங்கள். துளிர் விட்டுவிட்டால் நானே நட்டுவிடுவேன்.